சத்து மாத்திரை சிகரெட்டுக்குக் கவசமாகுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

வயது 46. பர்கூர் பக்கம் கிரானைட் கல் அறுக்கும் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர். இளம் வயதில் பீடியில் தொடங்கி, பிறகு சிகரெட்டுக்கு மாறி, நாளுக்குப் பதினைந்து வரை புகைத்தவர். சென்ற ஆண்டு மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பாய்ந்த வலியோடு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். கணைய அழற்சி என்றார்கள். ஸ்கேனில் கணையத்துக்குள் சிறு சுண்ணாம்புப் படிவுகள் தெரிந்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. மது அன்றோடு நின்றுவிட்டது. வீடு திரும்பும்போது மருத்துவர் இரண்டு பொருள்களை எழுதிக் கொடுத்தார்: சாப்பாட்டோடு விழுங்க ஒரு என்சைம் கேப்சூல், புகையை விட நிகோடின் சுவிங்கம்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். எலிகளுக்கு நிகோடின் கொடுத்தால் கணையம் கெடுகிறது, கூடவே சில தாவரச் சாறுகளைக் கொடுத்தால் கெடுதல் குறைகிறது என்று ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறார். அதே சமயத்தில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நேரடி விற்பனையில் கிடைக்கும் ‘கணையப் பாதுகாப்பு’ மாத்திரைக் குப்பியைக் கொண்டுவந்திருக்கிறார். மாதம் 3,400 ரூபாய். “சுவிங்கத்திலும் நிகோடின்தானே இருக்கிறது, விஷத்தை எடுக்க விஷமா?” என்று கேட்டிருக்கிறார் மச்சான். வாசகர் சுவிங்கத்தை நிறுத்திவிட்டார். ‘ஒரே வேலைக்கு இரண்டு மாத்திரை எதற்கு’ என்று என்சைம் கேப்சூலையும் நிறுத்திவிட்டார். சிகரெட்டை நான்காகக் குறைத்துக்கொண்டு, காலையிலும் இரவிலும் குப்பி மாத்திரையை விழுங்கி வருகிறார். மூன்று மாதங்களில் எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. அதை மாத்திரையின் நற்பலன் என்றே எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: இந்த மாத்திரை நிகோடினிலிருந்து கணையத்தைக் காக்குமா? நான்கு சிகரெட் பெரிய கெடுதலா? அதற்குப் பதிலாக வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறலாமா? கடைசியாக, மரவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமா?

அன்பு நண்பரே,

குப்பியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்துப் படத்தோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய பட்டியல் இல்லையென்றால் என்னால் பொதுவாக நான்கு வார்த்தைதான் சொல்ல முடிந்திருக்கும். இப்போது திட்டமாகச் சொல்ல முடிகிறது: இந்தக் குப்பியை இன்றே மூடி வையுங்கள். நிறுத்திய இரண்டையும் திரும்பத் தொடங்குங்கள். எடை குறைவதை இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

எலியின் கணையமும் உங்கள் கணையமும்

நீங்கள் படித்த கட்டுரை பொய்யில்லை. அத்தகைய ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. எலிக்கு ஊசி மூலமோ குடிநீரிலோ வாரக்கணக்கில் நிகோடின் கொடுக்கிறார்கள். பிறகு கணையத்தை எடுத்துப் பார்த்தால், செரிமான நீரைச் சுரக்கும் செல்கள் வீங்கி, உள்ளே குமிழிகள் விழுந்திருக்கின்றன. செல்லின் கொழுப்புச் சுவரை ஆக்சிஜன் அரித்ததற்கான வேதித் தடயங்கள் கூடியிருக்கின்றன. நிகோடினோடு சேர்த்து வைட்டமின் ஈ, வைட்டமின் சி அல்லது ஏதாவது தாவரச் சாறு கொடுத்த எலிகளிடம் அந்தத் தடயங்கள் குறைவாக இருக்கின்றன. இதுவரை சரி.

ஆனால் அந்த எலி புகைபிடிக்கவில்லை. அதற்குக் கிடைத்தது சுத்தமான நிகோடின் மட்டும். உங்கள் சிகரெட்டின் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் எழுபதளவு புற்றுநோயைத் தூண்டுபவை. புகையிலையைப் பதப்படுத்தும்போதும் எரிக்கும்போதும் உருவாகும் நைட்ரோசமைன் வகைப் பொருள்கள் கணையத்துக்கு நிகோடினைவிடப் பெரிய பகைவர்கள். நிகோடினைத் தடுக்கும் மாத்திரை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தாலும், மற்ற ஆயிரங்களை அது என்ன செய்யும்?

அடுத்தது காலம். எலிக்கு விஷமும் மருந்தும் ஒன்றாகத் தொடங்கின, அதுவும் நோயில்லாத கணையத்தில். உங்கள் கணையம் இருபது ஆண்டுகளுக்கு மேல் புகை பார்த்து, ஒருமுறை அழற்சி கண்டு, சுண்ணாம்பும் படிந்த கணையம். எலியிடம் அளந்தது சில வாரங்களின் வேதித் தடயங்களை. உங்களுக்கு வேண்டியதோ அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வலியில்லாமல், இன்சுலின் ஊசி இல்லாமல், புற்றுநோய் இல்லாமல் இருப்பது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவ முடியாது. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்படிச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவைத்தான் உங்கள் மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை.

குப்பிக்குள் இருப்பவை

உங்கள் பட்டியலில் முதலில் நிற்பது பீட்டா கரோட்டின், நாளுக்கு 15 மில்லிகிராம். கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தருகிற அதே பொருள்தான். பழத்தில் இருக்கும்போது யாருக்கும் தீங்கில்லை. செறிவாக்கி மாத்திரையாக்கி, புகைபிடிப்பவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஃபின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. எல்லாரும் 50 முதல் 69 வயதுக்குள், எல்லாரும் புகைபிடிப்பவர்கள். புற்றுநோய் குறையும் என்று நம்பித்தான் பீட்டா கரோட்டினை நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தபோது, அதை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கணையப் புற்றைத் தடுத்ததாகவும் தெளிவான சான்று இல்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும், புகைத்து விட்டவர்களையும், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களையும் சேர்த்து 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று 28 சதவீதம் கூடியதால் 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் என்று படித்ததும் உங்கள் பட்டறை நினைவுக்கு வந்திருக்கும். கிரானைட் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியும் நுரையீரல் புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையும் கல்தூசியும் ஒன்றாக நுரையீரலில் சேரும் ஒருவர் கையால் தொடக்கூடாத மாத்திரை ஒன்று உண்டென்றால் அது இதுதான். கணையத்தைக் காக்கப் போய் நுரையீரலை அடகு வைத்திருக்கிறீர்கள்.

பட்டியலில் அடுத்தது வைட்டமின் ஈ, 400 யூனிட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் இதே அளவைக் கொடுத்துப் பார்த்த சோதனையில், புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. பிறகு செலினியம், 200 மைக்ரோகிராம். ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஐம்பது மைக்ரோகிராமை ஒட்டியதுதான். தோல் புற்றைத் தடுக்குமா என்று பார்க்க 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்த பழைய அமெரிக்கச் சோதனை ஒன்றில், அதைச் சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக வந்தது. 6.3 என்ற எண்ணோடு சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் உங்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. பச்சைத் தேயிலைச் சாறும், மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் சாறும் செறிவான மாத்திரை வடிவில் சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்திருக்கின்றன. மிளகு சேர்ப்பதே மஞ்சளை உடல் அதிகமாக உறிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாமல் சமைக்கச் சொல்லுங்கள். திராட்சை விதைச் சாற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது உங்கள் பணத்துக்கு மட்டும் கேடு.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மச்சான் நாளை அதைக் கொண்டுவரக்கூடும். நாள்பட்ட கணைய அழற்சியின் வலிக்கு ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்லை ஆக்சிஜன் அரிப்பதைத் தடுக்கும் வகை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஒரு நல்ல ஆய்வு நம் நாட்டிலேயே, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது. 2009இல் வெளியானது. 127 நோயாளிகள், ஆறு மாதம். மாதத்தில் வலி வரும் நாள்கள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 7.4 நாள் குறைந்தன, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.2 நாள். ஆனால் 2012இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 70 பேரிடம் இதே போல் செய்து பார்த்தபோது வலியில் எந்த வித்தியாசமும் இல்லை. டெல்லியில் இருந்தவர்களில் பலர் காரணம் தெரியாமல் நோய் வந்த இளைஞர்கள். மான்செஸ்டர் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மதுவால் வந்த நோய். முடிவுகள் வேறுபட்டதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் இரண்டிலும் பார்த்தது வலியை. புகையின் கெடுதலைத் தடுக்குமா என்பதை இரண்டுமே சோதிக்கவில்லை. உங்களுக்கு இப்போது வலியும் இல்லை. பின்னாளில் வலி வந்து, உங்கள் மருத்துவரே சில மாதங்களுக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் அது வேறு கணக்கு. அப்போதும் “நான் புகைத்தவன், கல் பட்டறையில் வேலை” என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

நிறுத்தக்கூடாததை நிறுத்திவிட்டீர்கள்

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது நான்கு கிலோ எடைக்குறைவு. மலம் வெளிறி, தண்ணீரில் மிதந்து, ஊற்றினாலும் எளிதில் போகாமல் எண்ணெய்ப் பசையாக ஒட்டுகிறது என்று வேறொரு இடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கணையம் சுரக்க வேண்டிய லைபேஸ் என்ற என்சைம் போதவில்லை. சாப்பிடும் கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. உடல் இளைக்கிறது. கொழுப்போடு சேர்ந்து உள்ளே போக வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. மாதம் 3,400 ரூபாய் கொடுத்து வைட்டமின் வாங்கி, அதை உறிஞ்சத் தேவையான கேப்சூலை நிறுத்திவிட்டீர்கள்.

அந்த என்சைம் கேப்சூல் ‘சத்து மாத்திரை’ வகையில் சேராது. உங்கள் கணையம் செய்ய முடியாத வேலையை வெளியிலிருந்து செய்கிற மருந்து அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் பயனில்லை. முதல் கவளத்தோடு ஒன்று, இரண்டு எழுதியிருந்தால் மற்றொன்றைச் சாப்பாட்டின் நடுவில் விழுங்க வேண்டும். மெல்லக்கூடாது, கொதிக்கும் டீயோடு சேர்க்கக்கூடாது. காலையில் டீயும் பிஸ்கட்டும் என்றால் தேவைப்படாமல் போகலாம். களியும் கறிக்குழம்பும் என்றால் நிச்சயம் தேவை. எத்தனை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடைக்குறைவுக்குச் செரிமானக் குறைபாடு மட்டும்தான் காரணம் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் தீர்ப்பு எழுத முடியாது. சர்க்கரை ஏறினாலும் எடை குறையும். நாள்பட்ட அழற்சி உள்ள, பல ஆண்டு புகைத்த கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் மருத்துவரின் கடமை. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. ‘மாத்திரை வேலை செய்கிறது, தொப்பை குறைகிறது’ என்று மகிழ்ந்து இன்னும் மூன்று மாதம் போய்விடக்கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்கேன், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, வைட்டமின் டி, பி12 அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். ரத்தத்தில் எது குறைவு என்று தெரிகிறதோ அதை மட்டும், தேவையான அளவு மட்டும் வாங்கினால் போதும். நாள்பட்ட கணைய நோயில் வைட்டமின் டி குறைவது சாதாரணம். எலும்பும் தேயும். உங்களுக்கு உண்மையில் ஒரு சத்து மாத்திரை தேவைப்பட்டால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், விலையும் குப்பியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சுவிங்கத்தின் மீது வந்த பழி

‘விஷத்தை எடுக்க விஷமா’ என்ற கேள்வி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நிகோடின் கணையத்துக்கு முற்றிலும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளவும் வேகமும் முக்கியம். சிகரெட்டை இழுத்தால் பத்து இருபது நொடிகளில் நிகோடின் மூளையை எட்டுகிறது, கூடவே மற்ற ஆயிரக்கணக்கான பொருள்களும். 2 மில்லிகிராம் சுவிங்கத்திலிருந்து ஏறத்தாழ பாதிதான் ரத்தத்துக்குப் போகிறது, அதுவும் அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல. புகை இல்லை, தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆயுள் முழுக்க மெல்லவும் சொல்லவில்லை. பன்னிரண்டு வார வேலை. பன்னிரண்டு வாரச் சுவிங்கமா, இன்னும் இருபது வருடச் சிகரெட்டா என்பதுதான் உங்கள் முன்னால் உள்ள தேர்வு. ‘நிகோடினே இல்லாத நிலை’ என்ற மூன்றாவது வாய்ப்பை நீங்கள் எடுத்திருந்தால் கைதட்டியிருப்பேன். நாளுக்கு நான்கு சிகரெட்டோடு இருப்பவர் சுவிங்கத்தின் நிகோடினுக்குப் பயப்படுவது விந்தை.

சுவிங்கம் போட்டால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தது, கணையம் பாதிக்கப்படுவதாக நினைத்தேன் என்கிறீர்கள். அது கணையத்தின் குரல் இல்லை. சாதாரண சுவிங்கம் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறீர்கள். நிகோடின் வாயின் உட்சதை வழியாக ஏற வேண்டியது, வயிற்றுக்குப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். அதுவும் டீ குடித்த கையோடு போட்டிருக்கிறீர்கள். டீ, காபி, பழச்சாறு, சோடா எல்லாம் வாயைப் புளிப்பாக்கி நிகோடினை ஏறவிடாமல் தடுக்கும். கடைசியில் எரிச்சலும் வந்தது, ஏக்கமும் தீரவில்லை. மருந்துச் சீட்டு எழுதிய அவசரத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அந்தக் குறை எங்கள் துறைக்கே உரியது.

சரியான முறை இது. டீ குடித்துக் கால் மணி நேரம் கழியட்டும். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். காரமாக, ஊசி குத்துவதுபோல் உணர்ந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, வாயின் மறுபக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒருமுறை, கடைசி மூன்று வாரம் அதையும் பாதியாக்குங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிற ஆள் என்றால் 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், 4 மில்லிகிராம் உண்டு, நிகோடினே இல்லாத மாத்திரைகளும் உண்டு. நிகோடின் என்ற சொல்லே உறுத்துகிறது என்றால் அந்த மாத்திரைகளைக் கேட்பதில் தவறில்லை.

இரவு ஷிப்டில் ஏக்கம் வரும்போது தாங்க முடியவில்லை என்கிறீர்கள். ஒரு ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். முதல் வாரம் கடினம், மூன்று நான்கு வாரங்களில் தணியும். டீக்கடை நண்பர்களிடம் தேதி சொல்லிவிட்டு விடுங்கள். சொல்லாமல் விடுகிறவருக்குத்தான் முதல் ஓசி சிகரெட் நீட்டப்படும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. புகையை விட ஆலோசனையும் மருந்தும் வேண்டும் என்று அங்கே கேளுங்கள்.

நான்கு சிகரெட், வாயில் அடக்குவது

பதினைந்திலிருந்து நான்குக்கு வந்தது உங்கள் மன உறுதியைக் காட்டுகிறது. உடலுக்கு அதனால் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் இன்னும் ஆழமாக, அடி வரை இழுக்கிறார்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்குக்கூட இதய நோயின் கூடுதல் ஆபத்து, இருபது புகைப்பவருக்கு இருப்பதில் பாதியளவு இருக்கிறது. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே புகையை முழுமையாக விட்டவர்களின் கணையத்தில் சுண்ணாம்பு படிவது குறைகிறது. அந்த முதல் சில ஆண்டுகளில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். புகைப்பவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. விட்டபின் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, பத்து இருபது ஆண்டுகளில் புகைக்காதவரின் நிலையை ஒட்டி வந்துவிடும். இதைச் செய்யும் மாத்திரை எந்தக் குப்பியிலும் இல்லை. விட்டபின் முதல் மாதங்களில் பசி கூடி எடையும் சர்க்கரையும் சற்று ஏறலாம். அதைக் கண்டு திரும்பிவிடாதீர்கள்.

வாயில் அடக்கும் புகையிலை? வேண்டவே வேண்டாம். புகையில்லாப் புகையிலையும் கணையப் புற்றை உண்டாக்கும் என்று அதே புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கிறது, வாய்ப்புற்று தனி. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதலே தடை. எல்லை தாண்டி வரும் பாக்கெட் உங்கள் பட்டறை வாசலில் கிடைக்கிறது என்பது அதை மருந்தாக்கிவிடாது.

மச்சானிடம் எப்படிச் சொல்வது

இது மருத்துவக் கேள்வி இல்லைதான், ஆனால் உங்கள் கடிதத்தில் அதிக வரிகளைப் பிடித்திருப்பது இதுவே. மனைவி வருத்தப்படுவார் என்கிறீர்கள். மச்சான் உங்களை ஏமாற்றவில்லை, அவரே நம்பித்தான் விற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பழியை என் மேல் போடுங்கள்: “புகைபிடிக்கிறவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.” அது உண்மையும்கூட. அவருடைய மற்ற வாடிக்கையாளர்களில் புகைப்பவர் இருந்தால், அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

உங்கள் உரிமையும் தெரிந்திருக்கட்டும். இத்தகைய பொருள்கள் உணவுச் சட்டத்தின் கீழ் வருபவை, மருந்துச் சட்டத்தின் கீழ் இல்லை. மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று குப்பியில் அச்சிட்டிருக்க வேண்டும். பதினான்கு இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண், தயாரிப்பாளர் பதிவு செய்திருக்கிறார் என்று மட்டுமே காட்டும். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அது சான்றில்லை. சர்க்கரை நோயையும் புற்றையும் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. மச்சான் கொடுத்த துண்டறிக்கையில் ‘சர்க்கரையை வேரோடு நீக்கும்’ என்ற வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிழித்துப் போடாமல் வையுங்கள். திறக்காத குப்பிகளுக்கு ரசீது கேட்டு, திருப்பித் தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறை நிறுவனத்தின் மீது, மச்சானை நடுவில் இழுக்க வேண்டியதில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது குப்பி, பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நடுவில் முதுகுக்குப் பாயும் வலியோடு விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள், காய்ச்சல் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும். சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

மரவள்ளிக்கு வருகிறேன். சேலம், தருமபுரிப் பக்கம் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. தென்னிந்தியாவில் மது தொடாத இளம் வயதினருக்கும் கணையத்தில் கல் படிந்து சர்க்கரை வருவதைப் பார்த்து, மரவள்ளியில் உள்ள சயனைடு சார்ந்த பொருள்கள் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். அது நிரூபணமாகவில்லை. மரவள்ளி தின்னாதவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. பலரிடம் மரபணு மாற்றம் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் கசப்பும் சயனைடும் பெரும்பாலும் போய்விடும். எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடலாம். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு, உங்கள் 6.3ஐ நினைத்து அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். சயனைடுக்குத்தான் பயம் என்றால், அது சிகரெட் புகையிலும் இருக்கிறது.